பொருந்தாத சாசர் பாதி

நான் அங்கன்வாடி வேலையில் சேர்ந்து நாலாவது மாதம் மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தது. கரையோரத்துக் குடும்பங்களை விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பிள்ளைகள் என் பொறுப்பு. மேலதிகாரி அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்.

"யாரு வந்து கேட்டாலும் சொந்தக்காரங்கதானான்னு பாத்து அனுப்பும்மா. இந்த மாதிரி நேரத்துலதான் பிள்ளைங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. ரேஷன் கார்டெல்லாம் ஆற்றோடு போயிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னவர் பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர். கம்பெனியில் கழித்துப்போட்ட சாசர்களை ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்தார். இரண்டாக உடைத்தால் ஒரு பாதி தன் ஜோடியோடு மட்டும்தான் பொருந்தும். ஒன்று பிள்ளையிடம், மற்றது பெற்றவரிடம். கூட்டிப்போக வருபவர் தன் பாதியைக் காட்ட வேண்டும். முனை கிழிக்குமே என்று ஒவ்வொன்றையும் மூன்று சுற்றுத் துணியில் சுற்றிச் சுருக்குப் பையில் போட்டேன். பை தொலையுமே என்று சட்டையில் ஊக்குப் போட்டேன். ஊக்கு குத்துமே என்று அதற்கும் கவலைப்பட்டேன். என்னோடு முகாமில் இருந்த என் இரண்டு வயது மகன் அருளுக்கும் ஒரு பை மாட்டினேன். அவனுடைய மறுபாதி அவன் அப்பாவிடம்.

மூன்றாம் நாள் மத்தியானம், செல்வியின் மாமா என்று ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். செல்விக்குப் பதினோரு வயது. தூங்கும் குழந்தைகளுக்கெல்லாம் சாக்பீஸால் மீசை வரைகிறவள். அவள் அம்மா இடிந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தார்.

"அக்காதான் இதக் குடுத்துச்சு. சென்னையில ஒரு வூட்டுல கொழந்தையப் பாத்துக்கற வேலைங்க. மூணு வேளை சோறு" என்று பாதியை நீட்டினார்.

செல்வியின் பையைப் பிரித்துச் சேர்த்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன். அப்போதும் இல்லை.

"என்னாங்க டீச்சர், நான் என்ன ஒடஞ்ச சட்டி விக்கவா வந்தேன்?"

நிஜமாகவே மாமாவாக இருந்தால்? ஒரு பிள்ளையின் சோற்றைக் கெடுக்கிறேனோ? கேட்டுப் பார்க்கச் செல்வியின் அம்மாவிடம் செல்போன் இல்லை. அம்மாவே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போனார். செல்வி மூலையில் அருளை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அருளை வீட்டுக்குக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கும் விதி உண்டா என்று பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். சேர்த்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

"ஏய், நானே ஒடச்ச சாசருடி இது. அவன் மூக்கப் பாரு, என் மூக்குதான?"

"பொருந்தலையேங்க" என்றேன். ஒரு நொடி பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வந்தாள். தன் பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். "இதான் தம்பியோடது. அம்மா மாமாகிட்ட பாதியக் குடுத்தத காலையிலயே பாத்துட்டேன். அதான் என் பாதியையும் தம்பி பாதியையும் மாத்திட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே டீச்சர்."

அவள் அம்மா வந்ததும் மேலதிகாரியும் நானும் பேசினோம். ஒரு வயிறாவது நிறையட்டும் என்று நினைத்தேன் என்று செல்வியின் அம்மா அழுதார். செல்வி எங்கும் போகவில்லை. முகாம் கலைந்ததும் ஸ்கூலுக்குத்தான் போனாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த ஆள் கொண்டுவந்தது சரியான பாதி. செல்வி ஏமாற்றாமல் இருந்திருந்தால், விதிப்படியே கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை அனுப்பியிருப்பேன். அன்றைக்கே, என் வீட்டுக்காரர் இன்னும் அங்கே நிற்கும்போதே, பதிவேட்டில் கூடுதலாக ஒரு கட்டம் போட்டேன்: பிள்ளை என்ன சொல்கிறது?

முதலில் கேட்டது அருளைத்தான். "அப்பாகூடப் போறியா?"

அவன் செல்வியின் சடையைப் பிடித்துக்கொண்டு, "மாட்டேன்" என்றான்.

அப்படியே எழுதினேன். அவன் அப்பா தனியாகத்தான் வீட்டுக்குப் போனார்.