வட்டுவாகல் பாலத்தில் ஒரு வகுப்பேற்றச் சோதனை

பரீட்சைத் தாள் திருத்துவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டு. சிவப்பு மையில் எண்பத்திரண்டு என்று போட்டு, கீழே ஒரு கோடு இழுத்துவிட்டால் அலுவல் முடிந்தது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடமாக அப்படித்தான் படிப்பிக்கிறேன். அப்படிப்பட்ட என்னை, போன மார்கழியில், 1962 முடிகிற நேரத்தில், கொட்டுகிற மழையில் டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றி முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனவள் என் தங்கை புனிதம். பிள்ளைகளோடு அந்த வழியில் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

புனிதம் தருமபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடியேற்றப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். வகுப்பேற்றத்துக்குத் தாள் வைக்காமல் ஒரு பயணம் வைக்க அவள் பெரிய வாத்தியாரிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். தருமபுரத்திலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் ஏறத்தாழ இருபத்துநாலு மைல். அதைப் பன்னிரண்டு துண்டாக்கி ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டைப் பற்றி ஒரு மாதம் எங்கும் எவரையும் விசாரிக்கலாம். பயணத்தன்று தன் துண்டு வந்ததும் பிள்ளை சாரதிக்குப் பக்கத்தில், பெரிய சில்லுக்கு மேலே இருக்கிற மட்காட்டில் ஏறி இருந்து எங்களைக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளை சொல்வதுதான் வழி, சாரதி மறுக்கக்கூடாது. பெரிய வாத்தியார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: வெளிப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கூடப் போய், ஆர் பாஸ், ஆர் பெயில் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தனுக்குக் காலைப் புகையிரதம் வசதி. பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். தருமபுரத்துக்கு நாற்பது சதம். குடை கட்டாயம்.

அன்று பின்னேரமே எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அண்ணை" என்றாள்.

வாத்தியார் வேலைக்கு வந்த நாள் தொடக்கம் அந்தச் சுரைக்காயைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சுரைக்காய்க் கறியே பிடிக்காமல் போய்விட்டது. "சரி, மட்காட்டில இருக்கிற பிள்ளைக்கு நான் எத்தினை மார்க் போடுறது?" என்று கேட்டேன்.

"மார்க்கை விடுங்கோ. எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்குதோ எண்டு பாருங்கோ."

டிராக்டர்க்காரர் நாகலிங்கம் வேலணையிலிருந்து வந்து குடியேறியவர். அவருடைய மகள் இராசமலரும் அந்த வகுப்புத்தான். ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டாள். தாளைக் கண்டால் பயந்து வெறுந்தாளைக் கொடுப்பாளாம். "இந்தமுறையும் ஏறாட்டி பள்ளிக்கூடத்தால மறிச்சுப்போடுவன், மாஸ்டர். மூண்டாம் வருசமும் அஞ்சாம் வகுப்பில இருக்க இவள் என்ன வாத்தியாரோ?" என்றார் நாகலிங்கம். பகிடி போலத்தான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இராசமலர் நிலத்தைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பெட்டிக்கு மேலே மழைக்கு மறைப்பாகப் படங்குத் துணி கட்டியிருந்தது. தூறல், சேறு, இரண்டு பக்கமும் பச்சை வயல், பிறகு காடு. விசுவமடு தாண்டி, புதுக்குடியிருப்பு கிட்டியதும் யோகநாதனின் துண்டு. வகுப்பில் முதலாம் பிள்ளை. மழை வீழ்ச்சி, மண் வகை, மரங்கள் என்று கடகடவென்று ஒப்புவித்தான். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. மனதுக்குள் தொண்ணூறு போட்டேன். புதுக்குடியிருப்புச் சந்தி வந்தது. "எங்கால, தம்பி?" என்றார் நாகலிங்கம். தம்பி முழித்தான்.

நான் தொண்ணூறை வெட்டப்போனேன். புனிதம் விடவில்லை. "இறங்கிக் கேட்டுக்கொண்டு வா, ராசா" என்றாள்.

தேத்தண்ணிக் கடைக்கு ஓடியவன் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தான். "வலப்பக்கம் ஒட்டுசுட்டான், நேர போனா முல்லைத்தீவு. கடைக்காரர் எங்கட குடியேற்றத்து நெல்லுத்தான் வாங்கிறவராம், ரீச்சர்!" சோதனைக்கு நடுவில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டு வந்ததை நான் அன்றுதான் கண்டேன். என் பரீட்சை மண்டபத்தில் அதற்குப் பெயர் களவு. அந்தக் கடையில் தேத்தண்ணி பத்துச் சதம், நல்ல சாயம்.

கடைசித் துண்டு இராசமலருடையது: வட்டுவாகல் பாலமும் அதற்கப்பால் முல்லைத்தீவும். வலப்பக்கம் நந்திக்கடல் என்கிற களப்பு மழைத்தண்ணீரில் நிரம்பி நின்றது. இடப்பக்கம் கடல் இரைந்தது. நடுவே நீளமான பதிந்த பாலம். அதற்கு மேலாகத் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, நிப்பாட்டுங்கோ" என்றாள் தகப்பனிடம்.

"மெசினுக்கு இது ஒரு தண்ணியே? முழங்காலுக்கும் வராது."

"பாலத்தின்ர ஓரக் கட்டையளின்ர தலை தெரியேல்லை. கட்டை தெரியாட்டி இறங்கப்படாது. முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்துபோட்டினம், தண்ணி கடலுக்கு இழுக்குது."

"ஆர் உனக்குச் சொன்னது?"

"மீன் கொண்டுவாற சந்தியாப்பிள்ளை மாமா. அவர் பிறந்தது இஞ்சதான். நாலு தரம் கேட்டனான்."

அவள் இறங்கினாள். ஒரு தடியை முறித்துத் தண்ணீர் விளிம்பில் குத்தி, தன் பின்னலில் இருந்த றிபனைக் கழற்றி நீர்மட்டத்தில் கட்டினாள். "ஏறினா வீட்டை திரும்புவம். வடிஞ்சா, கட்டை தெரியுமட்டும் இருப்பம்."

நாகலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "போய்ச் சேராட்டி நீ பெயில். தெரியுமோ?"

தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. "பெயில் எண்டாலும் இறங்கேலாது, ஐயா. பெட்டிக்குள்ள பிள்ளையள் இருக்கினம்."

நாகலிங்கம் என்னைப் பார்த்தார். நான் புனிதத்தைப் பார்த்தேன். புனிதம் ஒருவரையும் பார்க்கவில்லை. அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

கட்டுச்சோற்றை அங்கேயே அவிழ்த்தோம். புனிதம் எனக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னாள்: "போன தவணைத் தாளில 'ஆழமறியாமல் காலை விடாதே' எண்டதுக்குக் கருத்து எழுதச் சொன்னனான், அண்ணை. வெறுந்தாள்தான் தந்தவள்." அந்தத் தாளை நான் திருத்தியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரையும் கொண்டிருப்பேன்.

பிள்ளைகள் முறை வைத்துத் தடியைப் பார்த்து வந்தார்கள். ஒரு விரல் வடிந்தது, பிறகு இரண்டு. இராசமலர் சாப்பிடவேயில்லை. மதியம் திரும்பிய பிறகுதான் கட்டைகளின் தலைகள் ஒன்றொன்றாகத் தெரிந்தன. "இப்ப போகலாம். நடுவால, மெதுவா" என்றாள். தகப்பன் நடுவால், மெதுவாகப் போனார்.

முல்லைத்தீவில், புனிதம் முன்பே எழுதி அறிவித்திருந்த கரைப் பாடசாலைப் பிள்ளைகள் எங்களைக் காணாமல் கலங்கிப்போய் நின்றார்கள். நத்தார்ப் பண்டிகை நெருங்கியிருந்தது, வீடுகளில் பணியாரம் சுடுகிற வாசம். எங்கள் பிள்ளைகள் வழியைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல, அவர்கள் கூழும் பணியாரமும் தந்தார்கள். தங்குவதற்கு நேரமில்லை, ஒரு மணித்தியாலத்தில் திரும்பினோம்.

திரும்பும்போது சோதனை இல்லை. மட்காட்டில் எவரும் இல்லை. களைத்த பிள்ளைகள் எல்லாரும் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தார்கள். வட்டுவாகலில் கட்டைகள் நன்றாகவே வெளியில் நின்றன. இருந்தும் நாகலிங்கம் டிராக்டரை நிறுத்தினார். இறங்கிப் பின்னால் வந்து படங்கைத் தூக்கினார்.

"இறங்கலாமோ, பிள்ளை?"

இராசமலர் எட்டிப் பார்த்தாள். "ஓம், ஐயா."

புனிதம் கேட்காமலே என் கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்தாள்.

நான் சிவப்பு மையை எறிந்துவிடவில்லை. என் வகுப்பின் அறுபது பிள்ளைகளை டிராக்டரில் ஏற்ற முடியாது என்று இன்னும் புனிதத்தோடு வாதாடுகிறேன். ஆனால் இந்தத் தவணை என் வகுப்பைப் பண்ணைக் கடற்கரைக்குக் கொண்டுபோகப் போகிறேன். எனக்கு வழி தெரியும், ஆனால் சொல்லமாட்டேன்.

போகிறவர்களுக்கு: பன்னிரண்டு பிள்ளைக்கு மேல் வேண்டாம். சாரதியோடு முதல்நாளே பேசி, பிள்ளையின் சொல்தான் முடிவு என்று சத்தியம் வாங்குங்கள். சோறு ஒரு நேரத்துக்குக் கூடுதலாகக் கட்டுங்கள். பிந்தினால் பிந்தட்டும். மாரியில் போனால், வட்டுவாகலில் இறங்க முதல் எவரையாவது கேளுங்கள். எவரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், வழியில் தருமபுரத்துக் குடியேற்றப் பாடசாலையில் நிறுத்துங்கள். ஆறாம் வகுப்பு, முன்வரிசை வாங்கில் கரைப்பக்கம் இருக்கிறாள்.