பூஜையில் வைத்த ஹார்ட் டிஸ்க்

உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க், அதன் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதற்குமேல் குங்குமம். அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்ணுக்குள் வருகிறது. திருவொற்றியூரில் அவருடைய பேனர் கடையில் பதினோரு வருடம் டிசைன் செய்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று வட்டாரத்து முகங்களெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வீட்டுப் போட்டோவைத் தொலைத்தவர்களும் எங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

ஒருமுறை கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டு இரண்டு நாள் உயிரை வாங்கிய பிறகு, நான் சண்டை பிடித்து ஓர் ஏற்பாடு செய்தேன். எல்லாப் படங்களுக்கும் தனி டிஸ்கில் இன்னொரு நகல். சனிக்கிழமைதோறும் நகலெடுத்ததும், கொருக்குப்பேட்டையில் இரண்டாம் மாடியிலிருக்கும் தன் வீட்டுக்கு அண்ணாச்சி அதைக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மனிதர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. துணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். கைக்குழந்தையா என்று நான் கேலி செய்தால் சிரித்துக்கொள்வார்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு டிஸ்கைத் திரும்பக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். கத்தரிக்கோல், ஸ்கேல், கீபோர்டு வரிசையில் அதையும் தரையில் போட்ட பலகையில் வைத்துப் பொட்டிட்டார்.

"ஏம்மா, அதுவும் தொழில் சாமான்தானே. அதுக்கு மட்டும் பூசை கிடையாதா?"

சாயங்காலம் அதை எடுத்துப் போகச் சொன்னேன். "பூசையில வச்சத மறுநா சூடம் காட்டாம எடுக்கக் கூடாதும்மா. ஒரு ராத்திரிதானே" என்றார். எனக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம், விட்டுவிட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் கடைக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். கம்ப்யூட்டரும் போயிற்று, டிஸ்கும் போயிற்று. படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன். அவர் அந்தப் பலகையையே துடைத்துக்கொண்டிருந்தார். வாயை அடக்கியிருக்கலாம் என்று இப்போதும் கூசுகிறது.

கார்த்திகையில் நெட்டுக்குப்பத்து அக்கா வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவருக்கு வருடாவருடம் எங்களிடம்தான் அஞ்சலி பேனர் அடிப்பார். அவர் வீட்டிலிருந்த ஒரே படம் முன்பொரு வெள்ளத்திலேயே நைந்துபோனது. எங்களிடம் இருந்ததுதான் மிச்சம். அண்ணாச்சி எழுந்து நின்று, தன் தவறுதான் என்று நடந்ததைச் சொன்னார். அக்கா திட்டவில்லை.

"அப்போ அவரு மூஞ்சி எங்கியுமே இல்லியா அண்ணாச்சி?"

மறுநாள் அண்ணாச்சி கடை திறக்கவில்லை, நெட்டுக்குப்பத்துக்குப் போய்விட்டார். அங்கே பழைய பேனரை யாரும் எறிவதில்லை. கூரைக்கும் வலைக்கும் மேலே போட்டு மூடுவார்கள். அறுபது தாண்டிய மனிதர் வீடு வீடாக, படகு படகாகக் கேட்டு, மூடியதையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள், யாரோ ஒருவருடைய படகு என்ஜின்மேல், அக்கா கணவருடைய நாலைந்து வருடத்துக்கு முந்தைய அஞ்சலி பேனர் ஒன்று கிடைத்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்போது அவர்மேல் எனக்கு வந்த பாசத்தை அவரிடம் சொல்லவே இல்லை.

வெயில் அந்த முகத்தை வெளிறச் செய்திருந்தது. தலைமுடி, மீசை எல்லாம் சாம்பல் நிறம். போட்டோ எடுத்து, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஏற்றி, முடியைக் கறுப்பாக்கத் தொடங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா, அப்டியே வுடு. இருந்திருந்தா இந்நேரம் இப்டித்தான் நரைச்சிருப்பாரு."

தீட்டிய கறுப்பை எல்லாம் அழித்தேன். அண்ணாச்சி ஓய்வெடுத்துக்கொண்டுவிட்டார், கடை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நகல்களை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்தால், அந்த நரைத்த முகத்தைத்தான் அச்சடித்துக் கொடுக்கிறேன்.