சிவப்பு அரளிக்குக் காத்திருந்த வண்டி

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் காருக்கு டீசல் போட நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரிந்து தொண்டையைக் கமறவைக்கும் நீலப் புகை. உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கு அந்த வாடை வந்தால் வேலைக்குச் சேர்ந்த வயசு திரும்பிவிடும். கூடவே கோபமும் வந்துவிடும்.

திரும்பினால், புதுப் பெயிண்டில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக். ஓட்டி வந்த தம்பி பெட்ரோலோடு கலக்கும் டூ டி ஆயில் கேட்க, பங்கில் இருந்தவர் அப்படி ஒன்று உண்டா என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

அந்தக் காலத்தில் நான் மருந்துக் கம்பெனி ரெப். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. ராஜபாளையம், வத்திராயிருப்பு, மகாராஜபுரம் என்று பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடக்கும் பிழைப்பு. கழுத்தில் டை வேறு. அந்த டையோடு பஸ் படியில் தொங்கினால் கண்டக்டருக்கே சிரிப்பு வரும். பைக் வாங்கு, இல்லையென்றால் வேறு வேலை பார் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டு வாலிபர் ஒருவருடைய டூ ஸ்ட்ரோக். ஒற்றைக் கையால் தள்ளலாம், அவ்வளவு லேசு. லேசாக முறுக்கினால் வண்டி முன்னால் போய்விடும், நம் வயிறு பின்னால் நிற்கும். மற்றது வன்னியம்பட்டியில், லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரருடைய ஃபோர் ஸ்ட்ரோக். கம்பளி போர்த்தி வைத்திருந்தார். இன்ஜின் ஓடுகிறதா நிற்கிறதா என்று குனிந்து கேட்க வேண்டும். நல்ல வண்டிதான். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சேமிப்பின் அவசியத்தைப் பேசுகிற மாமா மாதிரி நல்ல வண்டி.

அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனாலும் இன்ஜினைப் பற்றியே பேசினார். டூ ஸ்ட்ரோக் ஆயில் குடிக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், மழையில் நின்றுவிடும் என்றார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சாப்பிடும்போதுகூட எச்சில் கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்ப ஃபோர் ஸ்ட்ரோக்கே எடுத்துருவோம் என்பார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

கடைசியில், குலசாமியிடம் பூப்போட்டுக் கேட்போம் என்றார். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் எங்கள் வீட்டில் இப்படித்தான். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு என்றால் டூ ஸ்ட்ரோக், வெள்ளை என்றால் ஃபோர். பொட்டலம் மடித்தது அப்பா. பரீட்சைக்குக்கூட நான் அப்படிச் சாமி கும்பிட்டதில்லை.

வெள்ளை வந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரித்துவிட்டேன். அதிலும் வெள்ளை.

கோயிலுக்கு வெளியே வந்து, சாமிகிட்டயே ஏமாத்துவீகளாப்பா என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ராஜபாளையம் ரோட்டுல பைக்கோட விழுந்த எம்புட்டு புள்ளைகள அள்ளி ஏத்தியிருக்கேன் தெரியுமாலே. பொறவு அவிய வீட்டுக் கதவத் தட்டுனதும் நான்தான்."

 அந்த எரிச்சல் இன்றைக்கும் தீரவில்லை. பயமாக இருக்கிறது என்று அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். பிளக், கார்புரேட்டர் என்று நானும் தொண்டை வறளக் கத்தியிருக்க மாட்டேன். வன்னியம்பட்டி வண்டியையே வாங்கினேன். ஒரு நாளும் அது என்னை நடுரோட்டில் விட்டதில்லை. ஒரு நாளும் அதை நான் சந்தோஷமாக ஓட்டியதும் இல்லை.

பங்கில் நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அந்தத் தம்பி, ஓட்டிப் பாக்கீகளா அண்ணாச்சி என்று சாவியை நீட்டினார். ஏறிவிட்டேன். சோழபுரம் ரோடு காலியாகத்தான் கிடந்தது. இத்தனை வருஷ ஆசை. இரண்டாவது கியருக்கு மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

கைப்பிடியை அமுக்கினால் கண்ணாடிக்குள் ஆயில் ஏறி இறங்குமே, பங்குகளில் நின்ற அந்தச் சின்ன பம்பு இப்போது இல்லை. ராஜபாளையம் வண்டி யார் கைக்குப் போனதோ தெரியாது. பட்டாளத்துக்காரர் வண்டி இரும்புக்கடைக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. நான் எந்த வண்டியை வாங்கினாலும் வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். தம்பி ஹெல்மெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்து, வண்டி எப்படி என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பிளக்குல கரி புடிக்கும் தம்பி," என்றேன். "மழையில நின்னுரும். பேசாம ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்காப் பாத்து மாத்திருங்க."