இடது கையால் நீட்டிய கூறைச் சேலை

எந்தக் கொசு கடித்ததோ தெரியாது. சிக்குன்குனியா என்றார் டாக்டர். காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. வலி மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாக என் மூட்டுகளில் தங்கிவிட்டது. ஏழு மாதமாகிறது. "கொஞ்ச நாள் போகும்" என்கிறார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டால் சிரிக்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது.

காலையில் விரல்கள் மடங்காது. சுடுநீரில் கையை ஊறவைத்த பிறகுதான் சேலை கட்டவே முடியும். கலஹா பஸ்ஸில் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு கண்டிக்கு வருவேன். அங்கே ஒரு புடவைக் கடையில் பதினெட்டு வருஷமாகக் கூறைச் சேலைப் பக்கம்தான் என் இடம். கைராசிக்காரி என்று பெயர். பெண் வீட்டார் என் கையால் வாங்கத் தேடி வருவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது. அந்த இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வலியைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும், நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பன்விலவிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். பத்துப் பதினைந்து சேலைகளை விரித்து விரித்துக் காட்டினேன். அரக்குச் சிவப்பில் ஒன்று பிடித்துப்போனது. அதை மடித்து முடிப்பதற்குள் வலது மணிக்கட்டு தெறித்தது. யோசிக்காமல் இடது கையால் நீட்டிவிட்டேன்.

அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இது, கல்யாணச் சேலைய இந்தக் கையாலயா குடுப்பீங்க?"

"மன்னிச்சுக்கங்கம்மா, வலது கை ஏலாம இருக்கு."

"அப்ப வேற ஆளக் குடுக்கச் சொல்லுங்க. இது வேணாம், வேற சேல காட்டச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற கடைப் பிள்ளை வேறு சேலை எடுத்துக் கொடுத்தாள். நான் அவமானத்தில் குறுகிப்போனேன். அவர் மேல் கோபமில்லை என்றால் பொய். ஆனால் என் மகளுக்கு வாங்கப் போயிருந்தால் நானும் கையை இழுத்திருப்பேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.

கடை சாத்தும்போது முதலாளி கூப்பிட்டார்.

"அக்கா, நாளையிலருந்து உள்பக்கம் வெள்ளைத் துணியப் பாத்துக்கங்க. அங்க வேல கம்மி."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர்கள். நேற்று ஒருவர் தன் தகப்பனுக்கு நான்கு மீற்றர் கேட்டார். வெட்டி, மடித்து, இடது கையால் நீட்டினேன். எந்தக் கை என்று அவர் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.