சறோ மாமி ஏன் விறகடுப்பில் சமைத்தார்

எங்கள் ஊர் மடத்துவெளியில் சறோஜினிதேவியைத் தெரியாதவர்கள் இல்லை. எல்லாருக்கும் சறோ மாமி. வயது அறுபத்தாறு. ஒல்லியான தேகம், நடையில் வேகம், வாயில் அதைவிட வேகம். கோயில் பொங்கலில் உப்புக் கூடினால் ஐயரையே நிற்கவைத்துக் கேட்கிற ஆள். அப்படிப்பட்டவரின் வாயை அடைத்தவள் நான்தான். நான் ஒருத்தி மட்டும் செய்த காரியம் அல்ல அது. அதையும் சொல்லாமல் விடப்போவதில்லை.

அவர் கலியாணம் செய்தது எண்பத்து நான்கில். மாப்பிள்ளை தம்பிஐயா, இதே ஊர்தான். அவருடைய தகப்பனுக்கு மாத்தறையில் சுருட்டுக்கடை இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்துபோக, அங்கே தகப்பனோடு வியாபாரம் பார்த்த தம்பிஐயா மாமா உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தார். கடை போனாலும் சுருட்டுப் போகவில்லை. வீட்டில் எந்தத் தட்டைத் துழாவினாலும் ஒரு கட்டு அகப்படும். மகன் சுதன் பிறந்த வருஷம் சறோ மாமிக்குப் பல்லுக்குத்து வந்தது. மாமியார்க்காரி ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கையில் கொடுத்து, இரண்டு இழுவை இழுத்தால் குத்து நின்றுவிடும் என்றாராம். குத்து நின்றது. சுருட்டு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் தீவுப்பகுதிப் பெண்கள் வீட்டின் பின்பக்கம் இருந்து சுருட்டுப் பிடிப்பது பெரிய புதினமுமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் ஒரே சுருட்டை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு கதைத்திருப்பார்கள் என்று என் அம்மா சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் தம்பிஐயா மாமாவுக்கு முட்டு இழுத்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்று துண்டில் எழுதிக் கொடுத்து, இனிச் சுருட்டைத் தொட்டால் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை, "உங்களால தனிய விட ஏலாது. நானும் விடுறன்," என்று சறோ மாமிதான் சொன்னார். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போய், அம்மனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, இனிச் சுருட்டைத் தொடுவதில்லை என்று இரண்டு பேரும் நேர்த்தி வைத்தார்கள். ஊர் முழுக்க மெச்சிய காரியம் அது. தம்பிஐயா மாமா பதினான்கு வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

இடையில் சுவிஸிலிருந்து வந்த சுதன், தாய்க்கு இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டுப் போனான். சறோ மாமி அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, பழையபடி குசினியில் விறகடுப்பைத்தான் ஊதினார். கேட்டவர்களுக்கெல்லாம், காஸில் வெந்த சோறு அந்த மனுசனுக்குத் தொண்டைக்குள் இறங்காது என்றார். மாமாவுக்கு அதில் ஒரு பெருமை. "இந்த வயசிலயும் எனக்காக அடுப்பு ஊதுறா," என்று சந்தியில் நின்று சொல்லுவார். பதிலுக்கு அவர் செய்தது, அடுப்புக்குப் பனைமட்டை வெட்டிக் கொடுத்தது. மூச்சுக்கு அடிக்கிற பம்மைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு மட்டை வெட்டுவார், குந்தியிருந்து மூச்சு வாங்குவார், எழும்பி இன்னும் நாலு வெட்டுவார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

போன வருஷம் மாசி மாதம் ஓர் ஆராய்ச்சிக் குழு எங்கள் தீவுக்கு வந்தது. சுருட்டோ பீடியோ பிடிக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறதே, அடுப்புப் புகைதான் காரணமா என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். சுகாதாரத் தொண்டராக இருந்த என்னை வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்கச் சேர்த்துக்கொண்டார்கள். பொறுப்பாக வந்தவர் டொக்டர் நிமலன். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எங்களோடு ஒரே பாயிலிருந்து சாப்பிட்டவர். "சனம் சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ, பிரியதர்சினி. பேர் வேண்டாம், நம்பர் போதும். எங்கட ஆக்களைத் தவிர வேற ஒருத்தரும் பாக்காயினம்," என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் நம்பினேன்.

சறோ மாமி மூச்சை அளக்க ஊதும் மிசினில் மூன்று தரம் ஊதினார். அந்த வயதில் ஒரு பெண் ஊதவேண்டிய அளவில் பாதிதான் வந்தது. பிறகு கேள்விகள். காஸ் அடுப்பு உண்டா? உண்டு. அப்படியென்றால் ஏன் விறகில் சமைக்கிறீர்கள்? அவர் வெளியே எட்டிப் பார்த்தார். வளவுக்குள் மாமா மட்டை வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பேர் எழுதுவீரோ?"

"இல்லை மாமி. நீங்கள் நாப்பத்தேழாம் நம்பர்."

"ஆர் பாப்பினம்?"

"டொக்டர்மார் மட்டும்தான்."

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். "காஸில சமைச்சால் சுருட்டு மணத்துப்போடும், பிள்ளை. விறகுப் புகைக்குள்ள ஒண்டும் பிடிபடாது."

அந்த நேர்த்தி என்ன ஆனது என்று கேட்டேன்.

"நேர்த்தி வச்சு மூண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். பிறகு ஏலாமப் போச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு. அந்த மனுசன் அங்க மட்டை வெட்டேக்க ஒண்டு, மத்தியானம் படுக்கேக்க ஒண்டு. இண்டைக்குச் சொல்லிப்போடுவம் எண்டுதான் ஒவ்வொரு நாளும் எழும்புறனான். அவருக்குத் தெரிஞ்சால் என்ர சீவியம் அதோட சரி. அம்மாளாச்சிக்கு முன்னால நான் வாயால சொன்ன சொல்லு. ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

"சத்தியமாச் சொல்லமாட்டன், மாமி."

சொல்லவுமில்லை. என் அம்மா எத்தனையோ தரம் கிண்டிக் கேட்டும் மூச்சு விடவில்லை. எழுதினேன், அவ்வளவுதான். அவர் சொன்னதைச் சொன்னபடியே, நேர்த்தி முதல் மட்டை வரை, தாளின் கடைசிப் பெட்டிக்குள் எழுதினேன். டொக்டர் நிமலன் அதை வாசித்துவிட்டு நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

ஐப்பசியில் முடிவுகளை ஊருக்குச் சொல்லும் கூட்டம், சனசமூக நிலையத்தில் நடந்தது. ஆராய்ச்சிக்கு ஒத்துழைத்த சனத்துக்கு முடிவைச் சொல்லத்தான் வேண்டும் என்றார் டொக்டர். நல்ல எண்ணம்தான். சுவரில் படம் போட்டு, எத்தனை பேருக்கு மூச்சுக் குறைவு, குசினிக்குப் புகைபோக்கி ஏன் வேண்டும் என்று அழகான தமிழில் விளக்கினார். சனம் தலையாட்டிக் கேட்டது. பிறகு, காஸ் இருந்தும் ஏன் சிலர் விறகை விடுவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டார்.

அதில் பெயர் இல்லை. நம்பர்கூட இல்லை. "வயது அறுபத்தாறு. மகன் சுவிஸில். அவர் வாங்கிக் கொடுத்த காஸ் அடுப்பு வீட்டில் உண்டு. கணவர் முன்பு சுருட்டு வியாபாரம் செய்தவர். கோயிலில் நேர்த்தி வைத்துப் புகைத்தலை நிறுத்தியவர்." ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த தம்பிஐயா மாமா அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னை உதாரணமாகக் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். நான் எழும்பி வயரைப் பிடுங்கியிருக்கலாம். டொக்டர் அடுத்த வரியை வாசித்தார்: மனைவியும் சேர்ந்தே நேர்த்தி வைத்தவர், ஆனால் பதினான்கு வருஷமாக இரகசியமாகப் புகைக்கிறார், மணத்தை மறைக்கவே விறகடுப்பைப் பயன்படுத்துகிறார், அந்த விறகைக் கணவரே வெட்டிக் கொடுக்கிறார்.

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். பிறகு எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது. சறோ மாமி சுவரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் டொக்டரை மறித்தேன். "பேர் சொல்லேல்லையே," என்றார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. கொழும்பில் அப்படி எழுதினால் ஆயிரம் பேரில் ஒருத்தியாக மறைந்துபோகலாம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற எங்கள் ஊரில் வயதையும் மகன் இருக்கும் நாட்டையும் நேர்த்தியையும் சொன்ன பிறகு பெயர் எதற்கு? நாய்கூட வீட்டைக் காட்டும். இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். இன்னும் அது வரவில்லை.

தம்பிஐயா மாமா அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போகவில்லை. சந்திக் கடையில் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கிக்கொண்டு போய், முற்றத்தில் கதிரையைப் போட்டு, பெண்சாதி பார்த்துக்கொண்டிருக்கப் பற்றவைத்தார். சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "நாப்பது வருஷம் பக்கத்தில இருந்த எனக்குச் சொல்லாததை, பேப்பரோட வந்த பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்."

அடுத்த நாள் நான் போனேன். சறோ மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மாமி."

"ஓம், சொல்லேல்லை. எழுதினீர்," என்றார். அதற்குமேல் என்னோடு கதைக்கவில்லை. நான் செய்த துரோகத்துக்கு அதைவிடச் சரியான பெயர் எனக்கும் தெரியாது.

இந்த மாசியில் இரண்டாம் சுற்றுப் பரிசோதனை. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: சுருட்டு இல்லை, பீடி இல்லை, ஒன்றுமே இல்லை. பீடியைக் காதில் சொருகிக்கொண்டு இல்லை என்றவர்களும் உண்டு. நான் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனேன். வேலையை விட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டுப் படலைக்குள் போக எனக்கு வேறு சாட்டு இருக்கவில்லை.

சறோ மாமி என்னை உள்ளே விட்டார். குசினி அடுப்பு ஆறிக் கிடந்தது. காஸில் சோறு கொதித்தது. மாமா முற்றத்தில் சுருட்டோடு இருந்தார். முகம் வீங்கி, தோள் ஏறி இறங்கி, ஒரு வசனத்துக்கு மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினார். ஊதும் மிசினில் அவருடைய மூச்சு போன வருஷத்தை விட நன்றாகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சொன்னேன். கேட்காதவர் போல இருந்தார்.

இந்த முறை புதிதாக ஒரு சின்ன மிசின் தந்திருந்தார்கள். ஊதினால் ஆள் புகைக்கிறவரா இல்லையா என்று காட்டும். மாமாவுக்குப் பத்தொன்பது வந்தது. சறோ மாமி தானாகவே அதை என் கையிலிருந்து வாங்கி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து ஊதினார். இரண்டு வந்தது.

"ரெண்டு எண்டால் என்ன, பிள்ளை? அவருக்குக் கேக்கச் சொல்லும்."

"சுத்தமா இல்லையெண்டு கருத்து, மாமி."

அவர் மிசினை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்குப் போனார். "இஞ்ச பாருங்கோ அப்பா. அந்தக் கூட்டத்தோட விட்டிட்டன். நீங்கள்தான் நம்புறியள் இல்லை. மிசின் சொல்லுது, பாருங்கோ. இனி நீங்களும் அந்தச் சுருட்டை எறியுங்கோ. எனக்கு உங்கள விட்டால் ஆர் இருக்கினம்?"

தம்பிஐயா மாமா மிசினைப் பார்க்கவில்லை. மூச்சு அடங்கும் வரை பொறுத்திருந்து, மெதுவாகச் சொன்னார்:

"மிசினுக்கு நீர் உண்மைதான் சொல்லுவீர்."