வலது காலின் வேலை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பதினோரு வருடச் சர்வீஸ். கியர் வண்டி பழக வரும் பெண்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். பிரேக்கைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நாற்பத்திரண்டு வயதுவரை நினைத்திருந்தார்.

அவருடைய நாத்தனார், கண்காட்சி மைதானங்களில் மோட்டார் சைக்கிள் சாகசம் செய்பவள். ஒருநாள் அதைப் பார்க்கக் கணவரோடு போனார். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது வண்டி. கூட்டம் அந்தரத்தில் சுற்றிய சக்கரத்தை வாய்பிளந்து பார்த்தது. கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டீச்சரோ நாத்தனாரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பிரேக்கின் மேல் இருந்த அந்தப் பாதம், தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஓயாமல் அசைந்தது.

"ஓடுற வண்டிக்கு எதுக்கு அத்தனை பிரேக்?" வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"மல்லாந்து விழாம இருக்கத்தான் அண்ணி. முன்பக்கம் ரொம்ப மேல போனா பிரேக், கீழ வந்தா ஆக்ஸிலேட்டர். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அப்ப எனக்கும் சொல்லிக் குடு."

பூட்டிக் கிடந்த கிடங்கின் பின்முற்றத்தில் ஞாயிறு காலைகளில் பயிற்சி தொடங்கியது. முதல் பாடம் விழுவது.

"கையை விட்டுட்டுப் பின்பக்கமா இறங்கி ஓடிடணும் அண்ணி. வண்டி போனாப் போகுது."

இரண்டு வாரம் அதுவே. பிறகு சக்கரம் ஒரு சாண் எழும். டீச்சரின் கால் சட்டென்று மிதித்துவிடும். சக்கரம் தொப்பென்று தரையில் விழும். பதினோரு வருடப் பழக்கம் லேசில் போகுமா?

"எப்ப மிதிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"தெரியல அண்ணி. தானா தெரிஞ்சிடும்."

டீச்சருக்கு அந்தப் பதில் போதவில்லை. மறுவாரம் கணவரையும் முற்றத்துக்கு இழுத்து வந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டோடு வண்டிமேல் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் முன்சக்கரத்தைப் பிடிச்சு மெதுவாத் தூக்குங்க."

"வீட்டுல ஒருத்தி ஒத்தச் சக்கரத்துல நிக்கிறது போதாதா?" என்று முனகியபடியே கணவர் தூக்கினார். முதலில் மூச்சு முட்டியது. ஓர் உயரம் வந்ததும் பாரம் மாயமாய்ப் போய்விட்டது; இரண்டு விரலிலேயே வண்டி நின்றது.

"அங்கேயே வைங்க!" என்று கத்தினார் டீச்சர். உட்கார்ந்த இடத்திலிருந்து எதிர்ச்சுவர் தெரியவில்லை. ஹேண்டிலுக்கு மேல், சுவருக்கு அப்பால் உயரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி மட்டுமே தெரிந்தது.

அடுத்த ஓட்டத்தில் சுவர் மறையும்வரை காலை அடக்கி வைத்தார். தொட்டி மூடி தெரிந்தது. லேசாக ஒரு மிதி, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், மறுபடி ஒரு மிதி. கையில் பாரமே இல்லை. நாத்தனார் நான்குவரை எண்ணிய பிறகே சக்கரம் பூப்போல இறங்கியது.

"அந்தத் தொட்டி மூடி தெரிஞ்சதும் மிதிச்சேன்," என்றார் டீச்சர். நாத்தனார் கைதட்டவில்லை. ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"ஆறு வருஷமா பண்றேன், நான் எதைப் பார்க்கிறேன்னு எனக்கே தெரியாது. அண்ணா, கொஞ்சம் தூக்கு."

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.