மேல கேட்டுச் சொல்றேன்

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் சங்கரியின் பிளெக்ஸ் கடை இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போட்டுப் பழகியவள். வடகரைக்குப்பத்து மோகனைக் கட்டிக்கொண்டு கடலோரத்துக்கு வந்தாள். அவன் பைபர் போட்டில் மீனுக்குப் போனான், இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

சுற்றுவட்டாரத்து அரசியல்வாதிகளின் முகமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாருக்கு முடியைக் கூட்ட வேண்டும், யாருக்குத் தொப்பையைக் குறைக்க வேண்டும் என்று கேட்காமலே செய்வாள். முகத்தைவிட அதன் அளவுதான் முக்கியம் என்பதையும் சீக்கிரமே தெரிந்துகொண்டாள். கட்சியின் உச்சியில் இருப்பவர் ஆளுயரத்துக்கு, மாவட்டத்துக்காரர் அதில் பாதி, ஒன்றியத்துக்காரர் அதிலும் பாதி. பேனர் வைக்கிற ஆள் கீழ் மூலையில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பார். ஓட்டுப் போட்ட ஜனங்களைப் படத்தில் சேர்க்கச் சொல்லி ஒருவர்கூட அவளிடம் வந்ததில்லை.

பக்தவத்சலம் ஒருவர்தான் விலக்கு என்று அவள் நம்பினாள். படகுக்காரர்களுக்கு ஐஸ் கட்டி விற்றுக்கொண்டிருந்தவர். வடகரைக்குப்பம் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றபோது வீடு வீடாக வந்து உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். "உங்க வூட்டுப் புள்ளன்னு போடு சங்கரி, வேற யார் மூஞ்சியும் வேணாம்" என்றார். அவளும் அப்படியே போட்டாள். மாமியாரோடு சேர்த்து வீட்டில் இருந்த மூன்று ஓட்டும் அவருக்கே விழுந்தன.

ஜெயித்த மாதமே வெள்ளைச் சட்டை வந்தது. அடுத்த மாதம் வெள்ளைக் கார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வந்தது. கால்வாய் அடைத்துக்கொண்டது என்றால், "மேல கேட்டுச் சொல்றேன்." தெருவிளக்கு எரியவில்லை என்றால், "மேல கேட்டுச் சொல்றேன்." பள்ளிக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வராததற்கும் அதே பதில்தான். பல்பு மாட்டக்கூட உத்தரவு கேட்கிற மனிதருக்குக் கார் எதற்கு என்று சங்கரி மோகனிடம் கேட்டாள். "மேல போய் கேக்கணும்ல, அதுக்குத்தான்" என்றான் மோகன்.

ஊரின் வடக்கே ஒரு ரிசார்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு மண்பாதை. மீன் கூடையோடு பெண்கள் கரையிலிருந்து ஈசிஆர் பஸ் நிறுத்தத்துக்கு ஏறிவரும் வழி அதுதான். ஒருநாள் காலை அதன் குறுக்கே தகரம் அடித்திருந்தார்கள். அவ்வளவு கூடையையும் சுமந்துகொண்டு பெண்கள் ஊரைச் சுற்றி வந்தார்கள், நேராகத் தலைவர் வீட்டுக்கு. சங்கரியும் கூடப் போனாள்.

"இன்னா தலைவரே, வழிய அடச்சிட்டானுங்க, நீங்க வூட்ல குந்திகினு கீறீங்க?" என்றாள் ஞானம்பாள். மீன்காரிகளில் மூத்தவள்.

பக்தவத்சலம் செல்போனைத் தடவிக்கொண்டே இருந்தார். "பெரிய இடத்து விஷயம்மா. மேல கேட்டுச் சொல்றேன்."

ஒரு வாரம் கழித்து மேலேயிருந்து பதில் வந்தது. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட வளாகத்தில் கிராம சபை கூடியபோது, குடிநீர், குப்பை என்று வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் ஒரு தீர்மானத்தைச் செருகினார். பாதையை மூடிக்கொள்வதில் ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லையாம். குரல் சட்டென்று இறங்கியது, இரண்டாம் வரிசைக்கே கேட்காத அளவுக்கு.

முன்வரிசையில் இருந்த சங்கரி எழுந்தாள். "அந்தப் பாதை தீர்மானத்த மட்டும் திரும்பப் படிங்க தலைவரே."

அவர் படிக்கவில்லை. "இத பாரும்மா, மாவட்டத்துல சொல்லிட்டாங்க. கட்சிதான் என்ன இந்த நாற்காலில உக்கார வச்சிது. அவங்க பேச்ச நான் மீற முடியுமா?"

"எந்தக் கட்சி? ஊராட்சித் தலைவர் எலக்ஷன்ல கட்சி சின்னமே கெடயாதே. நீங்க நின்னது பூட்டு சாவில. அத குத்துனது இதோ குந்திகினு கீற ஜனம். மாவட்டத்துக்காரருக்கு இந்த ஊர்ல ஓட்டே இல்ல. எங்க கைல வாங்கிகினு போய் அவர் கால்ல வைக்கிறீங்களே, இது இன்னா நியாயம்?"

"மேலிடம்னு ஒண்ணு கீதும்மா..."

"கீது. அது நாங்கதான்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று. தலைவருக்குக் காது சிவந்தது. கோபமா அவமானமா என்று சங்கரிக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் மேலே கேட்க வேண்டியிருக்குமோ என்னவோ. தீர்மானத்துக்கு ஆதரவாக ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன, எல்லாம் அவருடைய சொந்தக்காரர்கள். எதிர்த்துத் தூக்கிய கைகளை எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தீர்மானம் தோற்றது. தோற்றதையும் எழுதினால்தான் எழுந்திருப்போம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எழுதி வாங்கிய பிறகுதான் கலைந்தார்கள். அந்த வாரத்திலேயே ரிசார்ட்காரர்கள் தகரத்தைக் கழற்றிக்கொண்டார்கள்.

கடைக்கு வந்துகொண்டிருந்த கட்சி வேலைகள் அதோடு நின்றன. ஒரு பிறந்தநாள் வாழ்த்து பேனர்கூட வரவில்லை. சங்கரி ஓட்டல்களுக்கு மெனு அட்டை அடித்தாள், கல்யாணப் பேனர் போட்டாள். இரண்டு மாதம் இழுபறியாகத்தான் போயிற்று. ஆனால் ஏன் வாயைத் திறந்தோம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் அந்த மூஞ்சிகளை வெள்ளையடித்துக் கொடுத்தோமே என்பதுதான் அவளை உறுத்தியது.

தீபாவளிக்கு முன்னால் பாதை முகப்பில் புதிதாக ஒரு பேனர் முளைத்தது. செங்கல்பட்டில் அடித்தது. 'மக்களின் பாதையை மீட்டுத் தந்த மாவட்டச் செம்மலுக்கு நன்றி!' மாவட்டத்துக்காரர் ஆளுயரத்துக்குச் சிரித்தார். கீழ் மூலையில் பக்தவத்சலம், கையைக் கூப்பிக்கொண்டு.

சங்கரி பஸ்ஸிலிருந்து இறங்கி அதன் முன்னால் நின்றாள். முதலில் கண்ணில் பட்டது முகத்தை வெட்டியெடுத்த லட்சணம்தான். ஒரு காதையே விட்டுவிட்டிருந்தார்கள். பின்னால் ஞானம்பாள் வெறுங்கூடையோடு வந்து சேர்ந்தாள்.

"இன்னாடி போட்டுகீது?"

சங்கரி படித்துக் காட்டினாள்.

ஞானம்பாள் பேனரை மேலும் கீழும் பார்த்தாள். துணி நல்ல கெட்டியா என்று விரலால் சுண்டிப் பார்த்தாள். "கருவாடு காயப் போட விரிப்பு பத்தல" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தாள். மறுபக்கத்தைச் சங்கரி பிடித்துக்கொண்டாள்.